தீவைத் தேர்ந்தெடுக்கக் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்

தீவுச் சுற்றுலா என்றாலே விளம்பரங்களில் ஒரே படம்தான்: வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, இரண்டு நாற்காலி. அதை நம்பி டிக்கெட் போட்ட பல குடும்பங்கள் இரண்டாம் நாள் மதியம் அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு போனை நோண்டிக்கொண்டிருக்கும். கடற்கரைக்குத் தோதான நேரம் விடிந்ததும் கொஞ்சம், வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம், அவ்வளவுதான். நடுப்பகல் மணலில் மல்லாந்து கிடப்பது குளிர்நாட்டுக்காரர்களின் ஆசை. சித்திரை வெயிலில் வளர்ந்த நமக்கு அது தண்டனை. ஆக, காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை அந்தத் தீவு நமக்கு என்ன வைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சென்னையிலிருந்து முதன்முறையாகத் தீவுக்குக் கிளம்புகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அந்தமான், இலங்கை, மலேசியாவின் பினாங்கு, இந்தோனேசியாவின் பாலி என்று நான்கைத்தான் எடுத்துக்கொள்கிறேன். நான்கிலும் கடல் உண்டு. கடல் இல்லாவிட்டாலும் போகத் தகுந்த இடங்கள் என்பதால்தான் இந்த நான்கு.

படி 1: யார் யார் வருகிறார்கள்?

இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆட்களைப் பற்றிப் பேசுங்கள். “எங்கே போகலாம்?” என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் இன்ஸ்டாகிராமில் பார்த்ததைச் சொல்வார்கள். “போன தடவை போன ஊரில் எது பிடித்தது?” என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். சந்தையில் சுற்றியது, ரயிலில் போனது, கோயில், சாப்பாடு, யானை பார்த்தது என்று உண்மையான பதில் வரும். அந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது முழங்கால் கணக்கு. இதை யாரும் முன்கூட்டிப் போடுவதில்லை. இலங்கையின் சிகிரியாவில் ஏறத்தாழ 1,200 படிகள். சிவனொளிபாத மலையில் 5,000க்கும் மேல். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513. அதே பினாங்கில் கொடிமலைக்குக் கயிற்றிழுவை ரயிலில் உட்கார்ந்தபடியே போய்விடலாம். பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு விமானக் கட்டணத்தைவிட இந்தக் கணக்குதான் முக்கியம்.

படி 2: வரைபடத்தை விரித்துப் பாருங்கள்

கூகுள் மேப்பில் தீவைத் திறந்து கரையை விட்டுவிட்டு நடுவில் பாருங்கள். முதலில் தேட வேண்டியது மலை. மலை இருந்தால் மேகம் தட்டி மழை பெய்யும். ஓடையும் அருவியும் காடும் இருக்கும். உயரத்துக்கு உயரம் பயிர் மாறும், ஆட்களின் பிழைப்பும் மாறும். இலங்கையின் உச்சி 2,524 மீட்டர். பாலியின் ஆகுங் எரிமலை 3,000 மீட்டரைத் தாண்டும். மாலத்தீவில் பெரும்பாலான இடங்கள் கடல்மட்டத்துக்கு மேல் ஓரிரு மீட்டர்தான். அங்கே பார்க்க வேண்டியதெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது; முக்குளிப்பில் ஆர்வமில்லாத ஆளுக்கு அது மிகவும் விலையுயர்ந்த மொட்டை மாடி. தேனிலவுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கணக்கு வேறு.

அடுத்து, பழைய துறைமுக நகரம் உண்டா என்று பாருங்கள். கப்பல்கள் வந்து போன ஊரில் பல ஊர்க்காரர்கள் தங்கியிருப்பார்கள். கோயிலும் மசூதியும் தேவாலயமும் நான்கு தெருவுக்குள் இருக்கும், சாப்பாடும் அதற்கேற்றபடி கலந்திருக்கும். கடைசியாகப் பாதை. கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர்தான், ஆனால் காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அந்தமானிலோ தீவுக்குத் தீவு கப்பல், கப்பலுக்குக் கடல் ஒத்துழைக்க வேண்டும்.

படி 3: நாட்காட்டி

‘சீசன்’ என்று பொதுவாகச் சொல்வதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். இலங்கைக்கு ஒரே சீசன் என்று ஒன்று கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பு, காலி, மலையகத்தின் மேற்குச் சரிவு ஆகிய பகுதிகளை நனைக்கும். அதே மாதங்களில் திருகோணமலையும் மட்டக்களப்பும் காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்தால் வடக்கும் கிழக்கும் நனையும். நம் கோடை விடுமுறையை ஒட்டி ஜூன் தொடக்கத்தில் போனால் கிழக்குக் கரை, டிசம்பர் கடைசி விடுமுறையில் போனால் தெற்கும் மேற்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்தமானுக்கு நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. மழை மாதங்களில் கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கிடையே கப்பல் நின்றுவிடும். பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை. பினாங்கில் எந்த மாதமும் ஒரு மழை வரும், ஒரு மணி நேரத்தில் ஓயும். அதற்காகத் தேதியை மாற்ற வேண்டியதில்லை.

திருவிழாக்களையும் பார்த்துவிடுங்கள். இலங்கையில் கண்டிப் பெரஹரா ஊர்வலம், யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா இரண்டும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வரும். தைப்பூசத்தன்று பினாங்கு நகரமே தெருவில் நிற்கும். பாலியில் மார்ச் வாக்கில் ‘ஞெபி’ என்றொரு மௌன நாள் உண்டு: விமான நிலையம் உட்பட எல்லாம் 24 மணி நேரம் மூடிவிடும், சுற்றுலாப் பயணிகளும் விடுதியை விட்டு வெளியே வரக்கூடாது. தெரியாமல் அந்தத் தேதியில் டிக்கெட் போட்டால் திண்டாட்டம். தெரிந்தே போகிறவர்களுக்கு, முந்தின நாள் மாலை பூத உருவங்களைத் தூக்கிக்கொண்டு வரும் ஊர்வலம் ஒன்றே பயணச் செலவுக்கு ஈடு.

படி 4: நான்கில் எது உங்களுக்கு?

*பாஸ்போர்ட் இல்லையா? அந்தமான்.* அடையாள அட்டை போதும், விமானம் இரண்டரை மணி நேரத்துக்குள். தலைநகர் போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு, நீல் தீவு ஷாஹீத் தீவு. டிக்கெட்டிலும் பலகையிலும் இரண்டு பெயரும் கலந்து வரும், குழம்ப வேண்டாம்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது செல்லுலார் சிறை. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் விரியும்படி கட்டினார்கள். இப்போது நிற்பவை மூன்று. அறை வாசலில் நின்று எதிரே பாருங்கள். எதிர்ச் சிறகின் முதுகுதான் தெரியும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்தது. வழிகாட்டி மூச்சுவிடாமல் ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டு ஓடாமல், அந்த வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எதிரே இருக்கும் ராஸ் தீவுக்குப் படகில் கால்மணி நேரம். ஆங்கிலேய அதிகாரிகளின் தேவாலயமும் விருந்து மண்டபமும் அங்கே மரவேர்களுக்குள் சிக்கிக் கிடக்கின்றன. மான்கள் அவற்றுக்கிடையே மேயும்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போக அதிகாலை நான்கு மணி வாக்கில் கிளம்ப வேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்று, காவலோடு ஒன்றாகப் புறப்படும். ஏனென்றால் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டுக்குள் போகிறது. வழியில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, தின்பண்டம் கொடுப்பது குற்றம். காட்டைக் கடந்ததும் வண்டியோடு படகில் ஏறி நீரிணையைத் தாண்ட வேண்டும். பிறகு அலையாத்திக் காட்டுக்குள் விசைப்படகு, இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. குகை அழகானது. ஆனால் அந்தச் சாலையில் ‘ஜாரவாவைப் பார்க்கலாம்’ என்று ஆசை காட்டும் டிரைவரோ ஏஜென்டோ கிடைத்தால் அந்த ஆளை உடனே மாற்றுங்கள். மனிதர்களை மிருகக்காட்சிபோலப் பார்க்கப் போவதைவிட விடுதியில் தூங்குவது மேல்.

அந்தமானில் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். தீவு நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, ஆனால் நேரம் இந்திய நேரம். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். நம் ஊர் வழக்கப்படி பத்து மணிக்கு இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால் பாதி நாள் போய்விட்டது என்று அர்த்தம். ஆறரைக்குள் வெளியே இருங்கள்.

*ஒரு வாரம் ஒதுக்க முடியுமா? இலங்கை.* நான்கில் கரையைத் தொடாமலே நிறைவாகச் சுற்றிவரக்கூடிய தீவு இது. புதியவர்கள் செய்யும் தவறு, சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, காலி, யாழ்ப்பாணம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்குவது. பிறகு கார் கண்ணாடி வழியாகத்தான் நாட்டைப் பார்க்க முடியும். ஒன்று மலையகம், அல்லது வடக்கு. இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள்.

மலையகத்தில் எல்லோரும் தேடுவது கண்டியிலிருந்து எல்ல போகும் ரயிலை. 2025 நவம்பர் கடைசியில் அடித்த டிட்வா புயல் அந்தப் பாதையைப் பலமாகச் சேதப்படுத்தியது. அதனால் எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். முன்பதிவு இருக்கைகள் திறந்த கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

ரயிலைவிட நான் பரிந்துரைப்பது தேயிலைத் தொழிற்சாலையை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். அந்தத் தோட்டங்களைக் கட்டியெழுப்பியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிப்போகப்பட்ட நம் மக்கள். உள்ளே போனால் மேல்மாடியில் நீளத் தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட்டுவதைப் பார்க்கலாம். வாடிய இலையைக் கையில் அள்ளினால் துணிபோலத் துவளும். பிறகு உருட்டும் இயந்திரம். அங்கேதான் வாசனை மாறும், பச்சை இலை வாடை போய் அறுத்த ஆப்பிள் வாடை போல ஒன்று எழும். புளிக்கவிட்டு, உலர்த்தி, சலித்து, தரம் பிரித்து ஒரு கோப்பை கையில் கொடுப்பார்கள். ஞாயிறன்று பெரும்பாலும் கொழுந்து பறிப்பு இருக்காது; அதனால் வாரத்தின் நடுநாளில் போவது நல்லது. வெளியே வரும்போது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளையும் பார்ப்பீர்கள். பேசினால் பேசுவார்கள், தமிழில்தான். அனுமதி கேட்காமல் வீட்டு வாசலைப் படம் பிடிக்காதீர்கள். கொழுந்து பறிக்கும் பெண்களை ‘போஸ்’ கொடுக்கச் சொல்லாதீர்கள்.

வடக்கு என்றால் யாழ்ப்பாணத்தில் தங்குங்கள். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலும், இன்னொரு படகில் நெடுந்தீவும். நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் திரிகின்றன, வேலிகள் பவளப் பாறைக் கற்களால் அடுக்கியவை. காலைப் படகைப் பிடிக்காவிட்டால் அந்த நாள் போச்சு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கே நேரடி விமானம் உண்டு. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் இருக்கிறது, ஆனால் பருவநிலையைப் பொறுத்து நிற்கும். திரும்பி வருவதற்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

*பெற்றோரோடு, நான்கைந்து நாள்தான் என்றால் பினாங்கு.* கடல் சுமார்தான். பத்து ஃபெரிங்கி கரையைப் பார்த்துவிட்டு ‘நம்ம எலியட்ஸ் பீச்சே தேவலை’ என்று சொல்லக்கூடும். யாருக்கும் அது குறையாகவே தெரியாது, ஏனென்றால் ஜார்ஜ் டவுன் இருக்கிறது. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பழைய நகரம். கப்பித்தான் கெலிங் மசூதித் தெருவில் ஒரு காலை நடை போதும்: 1818இன் புனித ஜார்ஜ் தேவாலயம், ஊதுபத்திப் புகை மண்டிய சீனரின் கருணைத் தேவி கோயில், பக்கத்துத் தெருவில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில், பிறகு தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய மசூதி. பழைய கடைவீடுகளின் முன்னால் ‘அஞ்சடி’ என்று அங்குள்ள தமிழர்கள் சொல்லும் கூரை போட்ட நடைபாதை ஓடுவதால் வெயிலும் மழையும் அவ்வளவாகத் தொடாது. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனர்களின் மரவீட்டுத் துறைகளில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. நடுப்பலகையில் நடங்கள், ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள்.

மதியத்துக்குமேல் கொடிமலை. உச்சியில் முருகன் கோயிலும் மசூதியும் அருகருகே இருக்கின்றன. வார இறுதியில் ரயிலுக்கு வரிசை நீளும். அப்போது மட்டும் காலையில் சீக்கிரமே போய்விடுவது நல்லது.

சாப்பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. சைவக்காரர்கள் ‘வெறும் நூடுல்ஸ்தானே’ என்று கேட்டு வாங்க வேண்டாம். பினாங்கு லக்சாவின் குழம்பே மீனில் செய்தது. சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸில் இறால் நிச்சயம், பல கடைகளில் பன்றிக் கொழுப்பும் உண்டு. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், சீனர்களின் சைவக் கடைகளும் உண்டு. அசைவக்காரர்கள் நாசி கண்டார் கடையில் போய் நில்லுங்கள். நம் ஊர் முஸ்லிம் மக்கள் காவடி கட்டிச் சோறும் குழம்பும் தெருத்தெருவாக விற்றதில் பிறந்த சாப்பாடு அது. மூன்று நான்கு குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்வதுதான் அங்கே முறை.

*கைவேலை, நடனம், வயல் பிடிக்கும் என்றால் பாலி.* சென்னையிலிருந்து பெரும்பாலும் வழியில் விமானம் மாற வேண்டியிருக்கும். தெற்குக் கரையில் அறை எடுத்துவிட்டு ‘பாலியில் ஒரே டிராபிக்’ என்று புலம்புகிறவர்கள் அதிகம். உள்நாட்டில் உபுத் பக்கம் தங்குங்கள். மாஸ் ஊரில் மரச் சிற்பம், சேலுக்கில் வெள்ளி வேலை, மாலையில் அரண்மனை முற்றத்தில் நடனம். ஜதிலுவியில் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே நடக்கும்போது வாய்க்கால் மடைகளையும் கவனியுங்கள். விவசாயிகளே சங்கம் வைத்து, தண்ணீர்க் கோயில்களை மையமாகக் கொண்டு நீரைப் பங்கிடும் ‘சுபாக்’ முறை அது. 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ஏரிப் பாசனம் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இது அருவியைவிடச் சுவாரசியமாக இருக்கும். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் விழுந்தால் பல பயணக் காப்பீடுகள் கைவிரித்துவிடும்.

படி 5: நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு இடத்தில் குறைந்தது மூன்று இரவு. நாளுக்கு ஒரே ஒரு பெரிய வேலை, அதுவும் காலையில். மதியம் சாப்பாடு, தூக்கம். மாலையில் கால் போன போக்கில். மூன்று நாளுக்கு ஒரு நாளை முழுக்கக் காலியாக விடுங்கள். மழை வந்தால் தள்ளிப்போன வேலையை அதில் வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் பிடித்த இடத்துக்கே திரும்பப் போகலாம்.

படி 6: பதிவு செய்யும் வரிசை

விமானம், அடுத்து முன்பதிவு இல்லாமல் கிடைக்காதவை, அதற்குப் பிறகுதான் விடுதி. பலரும் விடுதியை முதலில் பிடித்துவிட்டு, ரயில் டிக்கெட் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். அந்தமான் கப்பல், இலங்கை ரயில், திருவிழா நேரத்து அறைகள் ஆகியவை இந்த இரண்டாவது வகை.

விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. யூடியூப் வீடியோவை நம்பாமல் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தையே பாருங்கள். மலேசியாவுக்குப் போகும் முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். பாலியில் விசா கட்டணம் தவிர 2024 பிப்ரவரி முதல் தலைக்கு 1,50,000 ரூபியா சுற்றுலா வரியும் உண்டு. சில நூறு ரூபாய்க் கணக்குதான், பயப்பட வேண்டாம். இந்தப் படிவங்களுக்கெல்லாம் அரசுத் தளம்போலவே வேஷம் போட்டு அதிகக் கட்டணம் கறக்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. முகவரியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். சிகிரியா போன்ற இடங்களில் இந்தியர்களுக்கு சார்க் நாட்டவர் என்ற முறையில் குறைந்த கட்டணம் உண்டு. கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் கிடைக்கும், அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

படி 7: பையில் என்ன?

நீச்சல் உடைக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியை நல்ல நடைக் காலணிக்குக் கொடுங்கள். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை ஒன்றாவது வேண்டும். கோயில், விகாரை, மசூதி எல்லாவற்றுக்கும் அது உதவும், வேட்டி இருந்தால் பாலிக் கோயிலில் சாரோங்குக்கு வாடகை மிச்சம். நுவரெலியாவில் இரவு நன்றாகவே குளிரும், ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காட்டு நடை இருந்தால் அட்டைப்பூச்சிக்கு நீளக் காலுறை. கப்பல் குமட்டலுக்கான மாத்திரையைக் கப்பலில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, டாக்டரிடம் கேட்டு வாங்கி அரைமணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். ஆழ்கடல் முக்குளிப்புக்குப் போகிறவர்கள் அதற்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் விடவேண்டும். அந்தமானில் எப்படியும் ஊர் திரும்புவதற்கு முந்தின இரவு ஹேவ்லாக்கிலோ நீலிலோ தங்கக்கூடாது. காலைக் கப்பல் ரத்தானால் விமானமும் போய்விடும். அந்தக் கடைசி இரவை ஸ்ரீவிஜயபுரத்தில் வைத்துக்கொண்டால், சிறையில் நடக்கும் ஒலி–ஒளிக் காட்சியையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.